குற்றவாளி கிராஃபிக்ஸ் கார்டுதானா? விளையாட்டின் நடுவே முடங்கும் கணினியைச் சரிசெய்வது எப்படி

என் கணினியில் விளையாட்டின் நடுவே திரை கறுத்துப்போகும் தொல்லை ஆரம்பித்தபோது, திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை மூன்று வாரம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். புதியது, பழையது, அதற்கும் பழையது. விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசு தட்டலாம் என்று கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியபோதுதான் கண்ணில் பட்டது: கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருந்த இரண்டு மின் பிளக்குகளில் ஒன்று ஒரு பக்கமாக லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். கணினியை அணைத்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம். தொல்லை அதோடு தீர்ந்தது.

புதிதாகக் கணினி வாங்கியவர்கள் பெரும்பாலும் நான் போன வழியிலேயே போகிறார்கள். திரை கறுத்தால் கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், அல்லது டிரைவரோடு மல்லுக்கட்டுகிறார்கள். விளையாடும் கணினியில் அதிக மின்சாரம் இழுப்பதும் அதிகமாகச் சூடாவதும் கிராஃபிக்ஸ் கார்டுதான். அதனால் பவர் சப்ளையில் குறை இருந்தாலும், ரேமில் பிழை இருந்தாலும், பிராசஸர் தடுமாறினாலும், பல நேரங்களில் முதலில் மயங்கி விழுவது கார்டு. விழுந்ததன் மேல் பழியைப் போடுவதற்கு முன்னால் எப்படி விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, விளையாட்டின் பெயர், எத்தனை நிமிடத்தில் முடங்கியது, அப்போது என்ன நடந்தது, அதற்குப் பிறகு நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். டிரைவரையும் மாற்றி, ரேமையும் கழற்றி, விளையாட்டின் அமைப்புகளையும் குறைத்த பிறகு சரியானால், எது சரிசெய்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் அது திரும்பி வரும்போது முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முடங்கும் விதம்

விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்துவிடுகிறதா? கணினி மற்றபடி நன்றாக இருக்கிறதா? இது இருப்பதிலேயே லேசான வகை. டிரைவர், ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் கூட்டி ஓட்டுவது), ரேம், அல்லது அந்த விளையாட்டே காரணமாக இருக்கலாம். ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் இப்படி நடந்து மற்றவை மணிக்கணக்கில் ஓடினால், முதலில் அந்த விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஸ்டீமில் அது விளையாட்டின் பண்புகள் பகுதியிலேயே இருக்கிறது.

திரை ஓரிரு விநாடி கறுத்து, மறுபடி வந்து, டிரைவர் மீண்டுவிட்டதாக ஒரு செய்தி வருகிறதா? விண்டோஸ் கார்டுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு 2 விநாடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் கார்டு உறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு டிரைவரை மறுபடி தொடங்கும். இந்த ஏற்பாட்டுக்கு டி.டி.ஆர். என்று பெயர். மறுபடி தொடங்கவும் முடியாமல் போனால்தான் 'வீடியோ டி.டி.ஆர். ஃபெயிலியர்' என்ற நீலத்திரை. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் அந்த 2 விநாடியை 8 அல்லது 10 ஆக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. விளையாடுபவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. காய்ச்சல்காரனிடமிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கி ஒளித்துவைப்பதால் காய்ச்சல் குறையாது.

திரை கறுத்து அப்படியே நிற்கிறது, கார்டின் விசிறிகள் முழு வேகத்தில் இரைகின்றன, ஹெட்ஃபோனில் நண்பர்களின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றால், கார்டு கணினியோடு இருந்த தொடர்பை இழந்துவிட்டது. மின் இணைப்பு, கார்டு உட்கார்ந்திருக்கும் ஸ்லாட், வெப்பம் ஆகிய மூன்றையும் அந்த வரிசையிலேயே சந்தேகியுங்கள். அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்திப் பார்க்கலாம். அது டிரைவரை மறுபடி தொடங்கும் குறுக்குவழி. திரை திரும்பி வந்தால் டிரைவர் பக்கம் சந்தேகம் கூடும்.

கணினியே பட்டென்று அணைந்துவிட்டால் பார்வை நேராகப் பவர் சப்ளைக்குப் போக வேண்டும். தாங்க முடியாத சுமை வரும்போது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு அதற்குள் இருக்கிறது.

வண்ணச் சதுரங்கள், கோடுகள், மின்னும் முக்கோணங்கள் திரையில் சிதறுகின்றன என்றால் ஓவர்கிளாக்கை எடுத்துப் பாருங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, மதர்போர்டின் அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையிலேயே அவை தெரிந்தால், கேபிளையும் மானிட்டரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அப்போதும் தெரிந்தால் கார்டின் நினைவகமோ சிப்போ பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். கார்டையே குற்றவாளி என்று ஓரளவு துணிந்து சொல்லக்கூடிய அடையாளம் இது ஒன்றுதான்.

கணினி எழுதிவைத்திருக்கும் குறிப்பு

தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ரிலையபிலிட்டி மானிட்டர் வரும். நாள்வாரியாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள் இருக்கும். விளையாட்டு முடங்கிய நாளைச் சொடுக்கினால் 'லைவ் கெர்னல் ஈவென்ட்' என்ற பதிவும் 141 அல்லது 117 என்ற எண்ணும் தென்படலாம். இரண்டுமே கார்டு நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்பதைத்தான் குறிக்கின்றன. மேலே 'ஹார்டுவேர் எரர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், பதற வேண்டாம். டிரைவரின் பிழையால் முடங்கினாலும் அதே தலைப்புதான் வரும்.

அடுத்து ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் பதிவுகளில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போங்கள். 4101 என்ற எண் இருந்தால் டிரைவர் நின்று மீண்டிருக்கிறது. கெர்னல் பவர் 41 என்பதைப் பார்த்துப் பலர் பவர் சப்ளையை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். முறையாக நிறுத்தப்படாமல் கணினி அணைந்தது என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. சுவிட்சை நீங்களே அழுத்திப் பிடித்து அணைத்திருந்தாலும் அதே 41 பதிவாகும். 'ஹ்வியா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் பிழைகள் வரிசையாக நின்றால் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். அது பிராசஸரோ, ரேமோ, கார்டு செருகியிருக்கும் பி.சி.ஐ.இ. பாதையோ தவறு செய்ததை வன்பொருளே ஒப்புக்கொள்வது.

கழற்றாமலே செய்யக்கூடியவை

ஓவர்கிளாக் எதுவானாலும் முதலில் எடுத்துவிடுங்கள். கார்டு, பிராசஸர், ரேம் மூன்றிலும். 'என் ஓவர்கிளாக் ஆறு மாதமாக ஓடுகிறது, அதில் பிரச்சினை இல்லை' என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, ஏனென்றால் நானும் அப்படிச் சொன்னவன்தான். ஒரு விளையாட்டில் நிலையாக ஓடும் வேகம் இன்னொரு விளையாட்டில் நிற்காது. மின்னழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் இதே கதைதான். கார்டுகள் பலவும் தொழிற்சாலையிலேயே சற்று வேகம் கூட்டி விற்கப்படுகின்றன. என்விடியா கார்டாக இருந்தால் அதன் கன்ட்ரோல் பேனலின் உதவிப் பட்டியலில் 'டீபக் மோடு' என்று ஒன்று இருக்கிறது. அது அந்தக் கூடுதல் வேகத்தை நீக்கிக் கார்டை அடிப்படை வேகத்துக்குக் கொண்டுவரும். மற்ற கார்டுகளில், கார்டின் வேகத்தை மாற்ற உதவும் எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் மூலம் 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரை குறைத்துப் பாருங்கள். முடங்குவது நின்றுவிட்டால் உங்களுக்கு ஒரு பெரிய துப்புக் கிடைத்துவிட்டது.

ஃபிரேம் வேகத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள். மெனு திரையில் ஒன்றுமே நடக்காதபோது விநாடிக்குப் பல நூறு ஃபிரேம் வரைந்து கார்டு வீணாகக் கொதிக்கும் விளையாட்டுகள் உண்டு. திரைக்கு மேலே மிதக்கும் ஓவர்லே செயலிகளையும் விளக்கு வண்ணம் மாற்றும் மென்பொருட்களையும் சோதனை முடியும் வரை மூடிவையுங்கள்.

இதற்குப் பிறகுதான் டிரைவர். பழையதன் மேலேயே புதியதை நிறுவாமல், சுத்தமாகத் துடைத்துவிட்டு நிறுவ வேண்டும்.

1. என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் இவற்றில் உங்கள் கார்டு எதுவோ அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். புதியதுதான் நல்லது என்று இல்லை. தொல்லை தொடங்குவதற்கு முன் இருந்த பதிப்பு தெரிந்தால் அதையே எடுங்கள்.

2. 'டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவசக் கருவியையும் இறக்குங்கள். டி.டி.யு. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

3. இணைய இணைப்பைத் துண்டியுங்கள். இதை விட்டுவிட்டால், நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருக்கும் ஒரு டிரைவரைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுவிவிடும்.

4. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுத்து, வரும் நீலப் பட்டியல் வழியாக சேஃப் மோடுக்குப் போங்கள். வட்டு பூட்டப்பட்டிருந்தால், அந்தப் பூட்டான பிட்லாக்கர் தன் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மாட்டிக்கொண்டு விழிப்பவர்கள் நிறையப் பேர்.

5. டி.டி.யு.வைத் திறந்து, கார்டின் வகையைத் தேர்ந்தெடுத்து, துடைத்துவிட்டு மறுபடி தொடங்கும் பொத்தானை அழுத்துங்கள். கணினி திரும்பியதும் இறக்கி வைத்த டிரைவரை நிறுவி, அதன் பிறகு இணையத்தை இணையுங்கள்.

முதல் முறை விளையாடும்போது கொஞ்சம் விக்கி விக்கி ஓடும். ஷேடர் சேமிப்பை (காட்சிகளை வரையத் தயாரித்து வைக்கும் நிரல்களை) மறுபடி கட்டிக்கொண்டிருப்பதால் வருவது அது, முடங்குவதற்கான அறிகுறி இல்லை.

வெப்பம்

ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உணரிகளின் அளவுகளைக் கோப்பாகப் பதிவுசெய்யும் பொத்தான் இருக்கிறது. அதை ஓடவிட்டு விளையாடுங்கள். முடங்கிய பிறகு கோப்பைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். கார்டின் வெப்பநிலை 70களிலும் 80களின் தொடக்கத்திலும் இருப்பது சாதாரணம். சிப்பில் மிகச் சூடான புள்ளியான 'ஹாட் ஸ்பாட்' அதைவிட 10 முதல் 20 டிகிரி கூடுதலாக இருக்கும். இரண்டுக்கும் இடையே 30 டிகிரிக்கு மேல் இடைவெளி தெரிந்தால் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே இருக்கும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். நினைவகத்தின் வெப்பம் 100ஐத் தாண்டி 110ஐ நெருங்கினால் அதன் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் மெத்தைபோன்ற பேடுகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சூடு மட்டுமே கார்டைத் திடீரென்று முடக்குவது நினைப்பதைவிடக் குறைவு. சூடு ஏறினால் கார்டு முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், விளையாட்டு தட்டுத் தடுமாறும், கடைசியில்தான் நிற்கும். பதிவின் கடைசி வரி 68 டிகிரி என்று சொன்னால் வெப்பத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்து ஒரு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். தகடு இல்லாதபோது ஓடி, மாட்டினால் முடங்கினால், காற்றோட்டம்தான் கோளாறு. தூசு ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிடாதீர்கள்.

மின்சாரம்

என் அனுபவத்தில் புதியவர்கள் கடைசியாகப் பார்ப்பதும் முதலில் பார்த்திருக்க வேண்டியதும் இதுதான்.

கணக்கு எளிது. ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். 6 ஊசிப் பிளக் இன்னொரு 75 வாட், 8 ஊசிப் பிளக் 150 வாட், புதிய கார்டுகளில் இருக்கும் 16 ஊசிப் பிளக் 600 வாட் வரை தரும். கார்டில் இரண்டு 8 ஊசிக் குழிகள் இருந்தால் பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள்கள் வர வேண்டும். ஒரே கேபிளின் முனையில் வால் போலத் தொங்கும் இரண்டாவது பிளக்கைச் செருகிக்கொள்வது பார்க்க நேர்த்தியாக இருக்கும். அதிகம் இழுக்கும் கார்டானால் முழுச் சுமையும் அந்த ஒற்றைக் கேபிளில் விழும்.

கணினியை அணைத்து, சுவர் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சுவிட்சை ஒருமுறை அழுத்தி மிச்சம் இருக்கும் மின்சாரத்தைப் போக்குங்கள். பிறகு ஒவ்வொரு மின் பிளக்கையும் கழற்றி மறுபடி செருகுங்கள். கொக்கி விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் டார்ச் அடித்துப் பாருங்கள்: பிளக்கின் விளிம்பும் குழியின் விளிம்பும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், நடுவே ஒரு தாள்கூட நுழையக் கூடாது. 16 ஊசிப் பிளக்கில் இது இன்னும் முக்கியம். 2022இல் அந்த வகைப் பிளக்குகள் உருகிய சம்பவங்கள் வந்தபோது, முழுவதும் செருகாமல் விட்டது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பின்னர் வந்த திருத்திய வடிவத்தில் உணர் ஊசிகளைக் குட்டையாக்கியிருக்கிறார்கள், அரைகுறையாகச் செருகினால் கார்டு சுமை இழுக்காமல் இருப்பதற்காக. பிளக்கை ஒட்டியே கேபிளை மடக்காதீர்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராக வந்த பிறகு வளையட்டும். பழுப்பேறிய பிளாஸ்டிக்கோ தீய்ந்த வாடையோ இருந்தால் அந்தக் கேபிளை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

வேறொரு பவர் சப்ளையோடு வந்த கேபிளை, பொருந்துகிறதே என்று உங்களுடையதில் மாட்டிவிடாதீர்கள். கார்டுப் பக்கத்து முனைதான் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. பவர் சப்ளைப் பக்கத்து முனையில் எந்த ஊசியில் எது வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்தத் தவறில் கார்டும் மதர்போர்டும் சேர்ந்தே போகும்.

மொத்தச் சுமையைக் கூட்டிப் பார்த்து 'என் பவர் சப்ளை போதும்' என்று சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கார்டு சராசரியாக 300 வாட் இழுத்தாலும், மின்னல் வேகத்தில் வந்து மறையும் சில கணங்களில் அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இழுக்கக்கூடும். பழைய பவர் சப்ளை அதை ஷார்ட் சர்க்கியூட் என்று நினைத்து அணைந்துவிடும். 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை, அந்தப் புதிய 16 ஊசி இணைப்புள்ள பவர் சப்ளைகள் தங்கள் திறனின் இரு மடங்கை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

இதைச் சோதிக்கப் புதிய பவர் சப்ளை வாங்க வேண்டியதில்லை. ஆஃப்டர்பர்னரில் மின் வரம்பை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, வழக்கமாக முடங்கும் இடத்தில் விளையாடுங்கள். நிம்மதியாக ஓடினால், வெப்பம் காரணமில்லை என்று முன்பே பார்த்திருந்தால், பவர் சப்ளை மீதோ அதன் கேபிள் மீதோ சந்தேகம் வலுக்கிறது. யு.பி.எஸ். வழியாக இணைத்திருந்தால் ஒருமுறை நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். பவர் சப்ளையின் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

பெட்டியைத் திறந்த கையோடு கார்டையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். ஸ்லாட்டின் ஓரத்தில் ஒரு தாழ் இருக்கும், அதை அழுத்தினால்தான் கார்டு வெளியே வரும். கனமான கார்டு காலப்போக்கில் ஒரு பக்கம் தொங்கியிருந்தால் ஒரு முட்டுக் கொடுங்கள். கார்டைச் செங்குத்தாக நிறுத்த ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராக ஸ்லாட்டில் செருகிச் சோதியுங்கள். பி.சி.ஐ.இ. மூன்றாம் தலைமுறை வேகத்துக்குச் செய்த ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டை ஓட்டினால் காரணமே தெரியாமல் முடங்கும். பயாஸில் அந்த ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கார்டு போல வேடம் போடும் ரேமும் பிராசஸரும்

ரேமின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பைப் போட்டால் கிடைப்பது. அதுவும் ஒரு வகை ஓவர்கிளாக்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பயாஸில் அதை அணைத்துவிட்டு இரண்டு நாள் விளையாடுங்கள். இரவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமையோ அந்த அமைப்பையோ நம்பக் கூடாது.

பிராசஸருக்கு ஒரு பாடமே இருக்கிறது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றில், அன்ரியல் என்ஜினில் செய்த விளையாட்டுகள் தொடங்கும்போதே 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று சொல்லி மூடிக்கொண்டன. நினைவகம் தாராளமாக இருந்த கார்டுகளிலும் அதே செய்திதான். கார்டை மாற்றியவர்களுக்குப் பயன் கிடைக்கவில்லை, ஏனென்றால் தவறு பிராசஸரில் இருந்தது. தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய்க்கொண்டிருந்ததை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் பயாஸ் அப்டேட் வழியாகத் திருத்தம் வந்தது, பாதிக்கப்பட்ட பிராசஸர்களுக்கு வாரண்டியும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. உங்களிடம் அந்தத் தலைமுறை பிராசஸர் இருந்தால் பயாஸைப் புதுப்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே தேய்ந்துபோன பிராசஸரை அந்தத் திருத்தம் மீட்காது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

கார்டேதான் என்றால்

இத்தனையும் பார்த்த பிறகும் முடங்கினால், கார்டை ஒரு நண்பரின் கணினியில் மாட்டிப் பாருங்கள். அவருடைய பவர் சப்ளை தாங்குமா என்று முதலில் பாருங்கள். அங்கும் அதே இடத்தில் முடங்கினால் தீர்ப்பு வந்துவிட்டது. ஓ.சி.சி.டி. மென்பொருளில் கார்டின் நினைவகத்தைச் சோதிக்கும் வி.ரேம் சோதனை இருக்கிறது. ஓவர்கிளாக் எதுவும் இல்லாமல் அது பிழை காட்டினால் அதுவும் சாட்சிதான். கார்டை முழுச் சுமையில் ஓட்டும் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருள் ஒரு மணி நேரம் ஓடியதை வைத்துக் கார்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அது ஒரே சீரான சுமை. விளையாட்டு அப்படியில்லை, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், முடங்குவதும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான்.

கார்டை ஓவனில் வைத்துச் சூடாக்கினால் பிழைக்கும் என்று ஒரு வைத்தியம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிழைத்தாலும் சில நாளுக்குத்தான். வாரண்டி போகும், அடுப்பிலும் நச்சுப் புகை படியும்.

வாரண்டிக்கு அனுப்பும் முன் கார்டின் சீரியல் எண் ஒட்டியிருக்கும் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிலை மின்சாரம் தாக்காத உறையில் போட்டு, கார்டு வந்த பெட்டி இருந்தால் அதிலேயே அடைத்து அனுப்புங்கள். புகார்க் கடிதத்தில் 'அடிக்கடி முடங்குகிறது' என்று மட்டும் எழுதினால், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் குறை எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து இப்படி எழுதுங்கள்: 'இந்த விளையாட்டின் இந்தக் கட்டத்தில் 20 முதல் 40 நிமிடத்துக்குள் திரை கறுத்து, விசிறிகள் முழு வேகத்தில் ஓடுகின்றன. அப்போது வெப்பநிலை 71 டிகிரி. பதிவில் வரும் எண் 141. இரண்டு டிரைவர் பதிப்புகள், இரண்டு பவர் சப்ளைகள், இரண்டு கணினிகளில் சோதித்தாகிவிட்டது. ஓவர்கிளாக் இல்லை.' பதிவுக் கோப்பையும் கூடவே இணைத்துவிடுங்கள்.